ஒரு பக்கத்து மூச்சு

சென்ற மாதத்தில் ஒரு நாள், மதிய இடைவேளைக்கு முந்திய பாடத்தின்போது, எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மேசையின் மீது ஒரு புறமாகச் சாய்ந்திருக்கக் கண்டோம். வரலாற்றுப் பாடம் என்றாற் கண் சொருகுவது மாணாக்கர் உலகிற் புதுமையன்று. "நிமிர்ந்து இரும், தம்பி" என்றோம். அவன் நிமிர முயன்றான், முடியவில்லை. மறுபடியும் சற்றுக் கடுமையாகவே சொன்னோம். வகுப்பில் இரண்டொருவர் சிரித்தனர். அப்பொழுதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தோம். வலது மார்பை இடக்கையாற் பொத்திக்கொண்டு, கொதிக்கும் தேநீரை மிடறு மிடறாகக் குடிப்பவன்போலக் காற்றைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சாய்வை நாம் நன்கு அறிவோம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அதே சாய்விற் கிடந்தவர்களில் நாமும் ஒருவர். அறிந்திருந்தும் இரண்டு முறை "நிமிர்ந்து இரும்" என்று அதட்டினோமே என்ற வெட்கம் இன்னும் எம்மை விட்டு நீங்கவில்லை.

முச்சக்கர வண்டியொன்றில் அவனை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைந்தோம். எக்ஸ்-றே படம் எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேற்பகுதி நெஞ்சுச் சுவரை விட்டு விலகிச் சுருங்கியிருந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த தந்தையார், மகன் படுத்திருந்த கட்டிலருகே நின்று கேட்ட முதற் கேள்வி இது: "சிகரெட் பத்தினனியோடா?"

பையன் எம்மைப் பார்த்தான். அவன் அந்தப் பழக்கம் இல்லாதவன் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் வாட்டில் இருந்தவர் அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டனர். அந்தக் கேள்வியும் அந்தப் பார்வையும் எம்மை 2003 ஆம் ஆண்டுக்கு இழுத்துச் சென்றன. இத்தனை காலமும் வீட்டாருக்கு வெளியே எவருக்கும் சொல்லாத ஒன்றை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்லத் துணிகிறோம்.

கொத்தமல்லியும் தைலமும்

அந்த ஆண்டு ஆனி மாதம். எமக்கு வயது 22. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். உயரம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. உடம்போ பனங்கிழங்குபோல ஒல்லி. ஓடவுமில்லை, பாரம் தூக்கவுமில்லை. விடுதி அறையிற் கட்டிலிற் கிடந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தபோது, இடது தோளின் கீழ் யாரோ கத்தியாற் குத்தி எடுத்ததுபோல ஒரு வலி. மூச்சை இழுத்தால் நெஞ்சு பாதியில் நின்றுவிடும். மேலே இழுக்க வலி விடவில்லை.

அறைத் தோழர் இருவரும் நல்லவர்கள். வாய்வு என்று தீர்மானித்து ஒருவர் கொத்தமல்லி அவித்துத் தந்தார். மற்றவர் முதுகிலே தைலம் தேய்த்தார். காலையில் வலி சற்றுத் தணிந்தது. ஆனால் படியேறினால் மூச்சு வாங்கியது. இடப்பக்கமாகச் சரிந்து படுத்தால், இதயத் துடிப்புக்கு ஏற்ப உள்ளே ஏதோ 'நொறுக்கு நொறுக்கு' என்று சத்தமிட்டது. இரண்டு நாட்களை இப்படிக் கடத்தினோம். வலி தணிந்ததை நோய் தணிந்ததாக எடுத்துக்கொண்டது எமது முதற் பிழை. நுரையீரலுக்கு நோவை உணரும் நரம்பு இல்லை. நோவது நெஞ்சுச் சுவரின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வே. ஆதலால் வலி குறைந்த பின்னரும் நுரையீரல் சுருங்கியபடியே கிடக்கலாம் என்பதை நாம் அன்று அறியோம்.

மூன்றாம் நாள் வைத்தியசாலையில், எக்ஸ்-றே படத்தை வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினார் இளம் வைத்தியர். வலப்பக்கத்தில் நுரையீரலின் மெல்லிய கோடுகள் மரத்தின் கிளைகள்போல ஓரம்வரை பரந்திருந்தன. இடப்பக்கத்தில் வெறும் கருமை. நடுவிலே கைக்குட்டையைக் கசக்கி வைத்ததுபோல ஒரு சிறு உருண்டை. அந்த உருண்டைதான் எமது இடது நுரையீரல். நோயின் பெயர் நியூமோதோறாக்ஸ் என்றார். கிரேக்க மொழியிற் காற்று, நெஞ்சு என்ற இரு சொற்களின் சேர்க்கை அது.

உள்ளே நடப்பது என்ன?

நுரையீரல் தானாக விரியும் உறுப்பன்று. இழுத்த றப்பர்போல எந்நேரமும் சுருங்கவே அது பார்க்கும். நெஞ்சுக்கூடோ வெளிநோக்கி விரியப் பார்க்கும். இவ்விரண்டையும் இணைத்து வைத்திருப்பவை இரண்டு மெல்லிய சவ்வுகள். அவற்றினிடையே சிறிது ஈரம். நனைந்த இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுபோல அவை பற்றிக்கொள்கின்றன. அவற்றின் இடைவெளியில் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்திலும் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவு இருக்கும்வரைக்குமே நுரையீரல் விரிந்து நிற்கும்.

சிலருக்கு நுரையீரலின் உச்சியிலே சிறு கொப்புளங்கள் உண்டாகின்றன. உயர்ந்து மெலிந்த இளைஞரிடம் இவை அதிகம். நீண்ட நெஞ்சில் உச்சிப் பகுதி கூடுதலாக இழுபடுவதே இதற்கு ஒரு காரணம் என்பர். கொப்புளம் ஒன்று வெடித்தால் மூச்சுக்காற்று சவ்வுகளின் இடையே கசிகிறது. பற்று விடுபடுகிறது, நுரையீரல் தன் இயல்புப்படி சுருங்கிவிடுகிறது.

புகைபிடித்தல் இதற்குப் பெருந்துணை. சுவீடனில் 1987 இல் வெளியான ஆய்வொன்று, புகைபிடிக்கும் ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட 22 மடங்கு என்றும், பெண்களுக்கு 9 மடங்கு என்றும் கணித்தது. அதே வேளையில், ஒரு நாளும் புகையை வாயில் வைக்காதவருக்கும் இது வருவதுண்டு என்பதை மறத்தல் ஆகாது.

மொழிபெயர்த்த பொய்

நெஞ்சின் பக்கவாட்டில், விலா எலும்புகளின் இடையே, மரக்கச் செய்து ஒரு குழாயைச் செலுத்தினார்கள். குழாயின் மறுமுனை கட்டிலின் கீழே ஒரு கண்ணாடிப் போத்தலில், தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது. நெஞ்சிலுள்ள காற்று குமிழி குமிழியாக வெளியேறும். தண்ணீர் தடுப்பதால் வெளிக்காற்று உள்ளே திரும்பாது. கொட்ஹாட் பியூலோ என்ற ஜெர்மன் வைத்தியர் 1875 இற் கையாண்ட எளிய உபாயம் இது. மூச்சை இழுத்தாற் குழாயினுள் நீர் ஏறும், விட்டால் இறங்கும். எமது மூச்சை எமது கண்ணாலேயே கண்டோம்.

பள்ளிப் பருவத்திற் சமய பாடத்திலே பூரகம், கும்பகம், இரேசகம் என்று மனனம் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவர் நாம். இழுத்தல், அடக்குதல், விடுதல் என்ற மூன்றும் மூன்று பெரும் பேறுகள் என்பது அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதே விளங்கியது.

பக்கத்துக் கட்டிலிற் சிங்களப் பெரியவர் ஒருவர், நெடுநாள் ஆஸ்துமாக்காரர். எம்மைப் "புதே" என்றே அழைப்பார். மகனே என்பது பொருள். எமது சிங்களமும் அவரது தமிழும் பத்துச் சொற்களைத் தாண்டா. ஆனாலும் ஒவ்வொரு காலையும் எம்மை இருமச் சொல்லிக் குமிழிகளை விரல்விட்டு எண்ணுவார். நான்காம் நாள் இருமியும் ஒரு குமிழியும் வரவில்லை. எமக்கு முன்னரே அவர் கை தட்டித் தாதியை அழைத்துவிட்டார். நுரையீரல் விரிந்து ஓட்டை அடைபட்டதற்கு அதுவே அடையாளம்.

இதற்கிடையில் இரண்டாம் நாள் மாலை ஐயா வந்து சேர்ந்தார். 2002 இற் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 பாதை திறந்திருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி, முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறி, தூக்கமில்லாத கண்களோடு வந்தவர், எமது கட்டிலின் கால்மாட்டில் நின்று மெல்லக் கேட்டார்: "தம்பி, சயமோ?"

சயரோகம் என்றால் அன்று எமது ஊரில் ஒரு குடும்பத்தின் பெயரே கெட்டுவிடும். எமக்குத் தங்கையர் இருவர். அம்மா அயலாருக்கு 'முதுகுப் பிடிப்பு' என்றே சொல்லி வைத்திருந்தாராம். ஐயாவின் அச்சம் அடியோடு ஆதாரமற்றதன்று. இந்நோய் சயரோகத்தின் விளைவே என்று வைத்திய உலகமும் நெடுங்காலம் நம்பியிருந்தது. நல்ல சுகதேகிகளான இளைஞருக்கும் இது வரும் என்பதை டென்மார்க் தேசத்து வைத்தியர் கியேர்கார்ட் 1932 இல் விரிவாக எடுத்துக் காட்டிய பின்னரே அந்த எண்ணம் மாறியது. இதில் விந்தை என்னவெனில், இத்தாலிய வைத்தியர் கார்லோ பொர்லானினி 1882 இல் முன்வைத்த யோசனைப்படி, சயரோகிகளின் நெஞ்சில் வேண்டுமென்றே காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் சிகிச்சை பல்லாண்டுகள் நடைபெற்றது. 1943 இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, நல்ல மருந்துகள் வந்த பின்னரே அது வழக்கொழிந்தது.

சயம் அல்ல என்று வைத்தியர் தெளிவுபடுத்தினார். அவர் சிங்களவர், எம்மோடு பேசியது ஆங்கிலத்தில். ஐயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவே நின்று மொழிபெயர்த்தவர் நாமே. அப்பொழுது வைத்தியர் கேட்டார், புகைப்பதுண்டா என்று. நாளுக்கு ஏழெட்டுச் சிகரெட் என்று உண்மையைச் சொன்னோம். அவர் முகம் கடுத்தது. இன்றோடு நிறுத்தாவிட்டால் மீண்டும் வரும், இதை உமது தந்தையாரிடமும் சொல்லும் என்றார்.

"என்னவாம் தம்பி?" என்று கேட்டார் ஐயா.

"கனதூரம் சைக்கிள் ஓட வேண்டாமாம்" என்றோம்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். ஐயா பெரிய ஆறுதலோடு தலையசைத்தார். வைத்தியரும் தமது எச்சரிக்கை தந்தையாரைச் சென்றடைந்தது என்ற திருப்தியோடு அடுத்த கட்டிலுக்குப் போனார். இருவரையும் ஒரே மூச்சில் ஏமாற்றினோம். அதுவும் ஒரு பக்கத்து மூச்சில்.

நட்டவர் சொன்ன சொல்

அந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. எமது குடும்பம் புகையிலையால் வாழ்ந்த குடும்பம். வலிகாமத்துச் செம்மண்ணிலே மாரி மழை விட்டபின் கன்று நட்டு, இறைத்து, வெட்டி, பொச்சு மட்டையின் புகையூட்டிப் பதப்படுத்தி விற்ற காசிலேதான் நாம் படித்தோம். ஆனால் ஐயா ஒரு சுருட்டையும் வாயில் வைத்தவரல்லர். "விக்கிற சாமான், வீட்டுச் சாமான் இல்லை" என்பார். அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு மாதம் புகைக்காதிருந்தோம். பின்பு பரீட்சை நெருங்கியது. இரவு விழிப்பு வந்தது. அதன் பின்னாலே சிகரெட்டும் வந்தது. தடுக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவருக்கோ விடயம் தெரியாது.

2004 ஆம் ஆண்டு பங்குனி மாதம், விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு காலை, தோட்டத்திற் புகையிலைக் கன்றுகளின் நுனியைக் கிள்ளிக்கொண்டு நின்றபோது, அதே இடது தோளின் கீழ் அதே கத்தி. இம்முறை வைத்தியர் தமிழர். மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. ஐயா பக்கத்தில் நிற்க, பழைய நோய்க் குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிகரெட்டை விடச் சொல்லிப் பேராதனையிலேயே எழுதியிருக்கினமே, விடேல்லையோ?" என்று கேட்டார்.

ஐயா ஒன்றும் பேசவில்லை. மீண்டும் குழாய், மீண்டும் போத்தல். அன்று இரவு கட்டிலருகே வாங்கில் இருந்தவர் நெடுநேரத்தின் பின் சொன்னார்: "நட்டவன் நான். உன்னை என்னெண்டு ஏசுறது?"

அவர் ஏசியிருந்தால் எமக்குச் சுகமாயிருந்திருக்கும். குழாய் நெஞ்சிற் கொடுத்த நோவிலும் அந்தச் சொல் கொடுத்த நோவு பெரிது. அதன் பின்னர் நாம் புகையைத் தொடவில்லை. ஐயா புகையிலையை உடனே விட்டுவிட்டார் என்று எழுதினால் வாசகர்கள் மகிழ்வார்கள். ஆனால் அது உண்மையன்று. தங்கையரின் கலியாணம் முடியும்வரை அவர் நட்டார். வாழ்க்கை அத்தனை எளிதில் திருந்திவிடுவதில்லை.

இந்நோய் வந்தவருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது திரும்பவும் வருகிறது. இரண்டாம் முறை வந்ததால் எம்மைக் கொழும்புக்கு அனுப்பினர். அங்கே சத்திரசிகிச்சை செய்து, கொப்புளங்களை அகற்றி, சவ்வை உரசிப் புண்ணாக்கினார்கள். ஆறும்போது நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் விலக இடமில்லை. ஆறு கிழமைகள் பாரம் தூக்கவில்லை. சிரிக்கவும் தும்மவும் அஞ்சினோம். முதலில் முற்றம்வரை, பின்பு ஒழுங்கை முகப்புவரை, பின்பு பிள்ளையார் கோயில்வரை நடந்தோம். கோயில் வாசலில் நின்று முழு மூச்சொன்றை இழுத்துப் பார்த்தபோது, அது இடையிலே தடைப்படாமல் அடிவரை சென்றது. அன்று வரம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இந்த இருபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் நோய் திரும்பவில்லை.

இன்றைய வைத்தியமும் எமது வேண்டுகோளும்

எமது மாணவனுக்குக் குழாய் போடவில்லை. விலகல் சிறிது, மூச்சும் சீராக இருந்தது. ஆதலால் வாட்டில் வைத்து அவதானித்து, மீண்டும் படம் எடுத்துப் பார்த்து அனுப்பினர். இடையிலே சிக்கிய காற்றை உடம்பு தானாகவே சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 நோயாளரைக்கொண்டு நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தரமாகவோ பெரிதாகவோ நுரையீரல் விலகியவருள்ளும், பொறுத்திருந்து பார்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 85 பேர்வரை குழாய் இன்றியே தேறினர். ஆனால் பொறுத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை, கொத்தமல்லியின் வேலையன்று. காற்று உள்ளே மேலும் மேலும் சேர்ந்து இதயத்தையே நெருக்கும் நிலையும் உண்டு. அது சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கும்.

ஆதலால் இளைஞருக்கு ஒரு சொல்: நெஞ்சின் ஒரு பக்கத்திலே திடீரென்று குத்தெடுத்து மூச்சு முட்டினால், அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். நோய் வந்து தேறியவர்கள், படத்தில் நுரையீரல் முற்றாக விரிந்தமை உறுதியாகி வைத்தியர் அனுமதிக்கும்வரை விமானம் ஏற வேண்டாம். ஆழ்கடற் சுழியோட்டத்தை அடியோடு மறந்துவிடுங்கள். சிகரெட்டைப் பற்றி நாம் சொல்லவும் வேண்டுமோ? 21 வயதுக்குக் குறைந்தோருக்கு அதனை விற்பதை எமது நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடை செய்துள்ளது. ஆனால் சட்டம் கடை வாசலில் நிற்கும். விடுதி அறைக்குள் வராது.

பெற்றோருக்கும் ஒரு சொல்: பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும் வேளையிற் குற்றப்பத்திரிகை வாசிக்காதீர்கள். வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வியை வைத்தியர் கேட்கட்டும். அச்சமில்லாத இடத்திலேதான் உண்மை வாய் திறக்கும். வெளியே சொல்லாது உள்ளே அடக்கியவை, அந்தச் சவ்வுகளின் இடையே புகுந்த காற்றைப் போன்றவை. கண்ணுக்குத் தெரியாமலே இடத்தைப் பிடித்து, உயிர்ப்பதற்கு வேண்டிய இடத்தைச் சுருக்கிவிடும்.

மூன்று கிழமைகளின் பின் மாணவன் வகுப்புக்குத் திரும்பினான். வகுப்பார் முன்னிலையில், அவனை அதட்டியது எமது பிழை என்று சொன்னோம். அவனுடைய தந்தையாரைத் தனியே கண்டு, மேலே எழுதிய கதை முழுவதையும், அந்தச் சைக்கிள் வாக்கியத்தையும் சேர்த்தே கூறினோம். அவர் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டை போய் அவனோடை கதைக்கிறன், சேர்" என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

எமது ஐயாவுக்கு இப்பொழுது எண்பது வயதாகிறது. நாள்தோறும் காலையிற் தொலைபேசியில் அழைப்பார். சுகமோ என்று கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

"தம்பி, மூச்சு எப்பிடி?" என்பார்.

சளி பிடித்திருந்தாற் சளி என்கிறோம். களைப்பு என்றாற் களைப்பு என்கிறோம். ஒன்றையும் மொழிபெயர்ப்பதில்லை.